ஆர் மென்பொருளோடு ஏழு ஆண்டுகள்

2018-இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த புள்ளியியல் சராசரியும் திட்டவிலக்கமும்தான். துறைக் கணினியில் இருந்த கட்டண மென்பொருளின் உரிமம் அந்த ஆண்டே முடிந்துபோனது. வேறு வழியில்லாமல், இலவசமாகக் கிடைத்த ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் பக்கம் ஒதுங்கினேன். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வசதியாக இதைத் தொடங்கினார்களாம். அந்த மாணவர்கள் மகா கெட்டிக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நான்காவது தேசிய குடும்ப நல ஆய்வின் (2015-16) தரவு. நாடு முழுவதும் சுமார் 6 லட்சம் குடும்பங்கள். ஆய்வு நோக்கத்தை எழுதிப் பதிவு செய்தால் இலவசமாகவே தந்தார்கள். குழந்தைகள் கோப்பைத் திறந்து, தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, வயதுக்கேற்ற உயரத்தின் இசட் மதிப்புக்குச் (அந்த வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்) சராசரி கேட்டேன். மைனஸில் வர வேண்டிய எண், பிளஸ் மூன்றைத் தாண்டி நின்றது. அதாவது நம் ஊர்க் குழந்தைகள் எல்லாரும் ராட்சதர்கள். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பட்டியலின் அடியில் 9996, 9998 என்று வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். அவை உயரமே அல்ல. 'இந்த அளவு நம்பத்தக்கதல்ல' என்பதற்கான குறியீடுகள். ஆர் அவற்றையும் சிரத்தையாகக் கூட்டி வகுத்துக் கொடுத்திருந்தது. நாம் தப்பாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லிவிடும். இதன் பெரிய குறை இதுதான்.

குறியீடுகளை நீக்கினேன். அப்போதும், வளர்ச்சி குன்றிய, அதாவது வயதுக்குரிய உயரம் இல்லாத, குழந்தைகளின் விகிதம் அறிக்கையில் இருந்த 27.1 சதவீதத்தோடு ஒத்துப்போகவில்லை. மாதிரி எடைகளை (ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்களை) சேர்த்தேன். கிட்டே வந்தது, ஒட்டவில்லை. கடைசியில் புரிந்தது, நான் எடுத்ததே வேறு கோப்பு. அதில் நேர்காணல் செய்யப்பட்ட தாய்மார்களின் குழந்தைகள் மட்டுமே இருந்தார்கள். அறிக்கையோ, முந்தைய இரவு அந்த வீட்டில் தூங்கிய குழந்தைகள் அத்தனை பேரையும் கணக்கில் எடுக்கிறது. தாய் வெளியூரில் இருந்தாலும் சரி, இறந்திருந்தாலும் சரி. குடும்ப உறுப்பினர் கோப்புக்கு மாறியதும் 27.1 வந்தது. 'மக்கள்தொகையை வரையறுத்தல்' என்று இரண்டு பருவம் படித்த பாடம் அன்று மாலைதான் எனக்கு ஏறியது.

அடுத்த அடி திட்டப்பிழையில், அதாவது மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவில். தாமஸ் லம்லி எழுதிய சர்வே (survey) என்ற ஆர் துணைத் தொகுப்பில், மாதிரி எடுக்கப் பிரித்த அடுக்குகளையும் ஒரே இடத்து வீடுகளின் கொத்துகளையும் சொல்லிக் கணக்கிட்டபோது, முந்தைய வாரம் வழிகாட்டியிடம் பெருமையாகக் காட்டிய அட்டவணையில், 'இது தற்செயல் அல்ல' என்று குறிக்கும் நட்சத்திரங்களில் பாதி காணாமல் போயின. ஒரே தெருவில் இருக்கும் இருபது வீடுகள் இருபது தனித்தனிச் சாட்சிகள் ஆகிவிடாதே. கூடவே, ஓர் அடுக்கில் ஒரே ஒரு கொத்துதான் இருக்கிறது என்று பிழைச்செய்தி வேறு. மாநிலத்தைப் பிரித்த பிறகு மாதிரியின் வடிவமைப்பை (அடுக்கு, கொத்து, எடை) சொன்னதால் வந்த வினை. முழுத் தரவுக்கும் வடிவமைப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு பிரிக்க வேண்டும்.

ஆம்/இல்லை என்ற விளைவைப் பல காரணிகளோடு இணைத்துப் பார்க்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை இயக்க ஒரு வரி போதும். அதை வாசிக்கத்தான் இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆட்ஸ் என்பது நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது; ஆட்ஸ் விகிதம் 2 என்றால் 'இரு மடங்கு வாய்ப்பு' என்று முதல் கட்டுரையில் எழுதிவிட்டேன். 40 சதவீதத்தில் இருக்கும் ஒன்றுக்கு ஆட்ஸ் இரட்டிப்பானால் அது 57 சதவீதம்தான் ஆகிறது, 80 அல்ல. இப்போது சதவீதமாக மாற்றாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை.

தமிழில் வரைபடம் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான பிடிஎஃப் வழியில் சேமித்தால் மாவட்டப் பெயர்கள் எல்லாம் வெறும் புள்ளிகளாகிவிடும். ராக் (ragg) என்ற தொகுப்பு வழியாகப் படமாகச் சேமித்தால் கோயம்புத்தூரின் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றன.

வாங்கலாமா என்று கேட்க இதில் விலை இல்லை, நேரம்தான் செலவு. முதல் ஆறு மாதம் அழுகை நிச்சயம். மெனுவில் மவுஸால் சொடுக்கிப் பழகியவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கூடும். ஆனால் அன்று எழுதிய நிரல் கோப்பு இன்றும் இருக்கிறது. அதே தேசிய ஆய்வின் ஐந்தாவது சுற்றின் (2019-21) தரவு கைக்கு வந்ததும் கோப்பின் பெயரையும் நான்கைந்து வரிகளையும் மாற்றி ஓட்டினேன். 25.0 என்று வந்தது. அறிக்கையிலும் அதேதான். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்துதான் அடுத்த வரியை எழுதினேன்.