அவன் இல்லாத கிறிஸ்துமஸ்: முழுக்கோழி ரோஸ்ட்டுக்கு எந்த அடுப்பு?

டிசம்பர் 23 மாலை. ரம் கேக்கின் இரண்டாவது ஈடு உள்ளே இருக்கும்போது எங்கள் வீட்டு ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன், வீட்டுப் பேச்சில் ‘அவன்’) ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. காட்பாடியில் பழுது பார்க்கும் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "மேல் கம்பி பூட்சும்மா. பண்டிகை கழிச்சு எடுத்துகினு வாங்க" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். 25-ஆம் தேதி மதியம் வீட்டில் பதினோரு பேருக்குச் சாப்பாடு. பிரியாணி எப்படியும் உண்டு. ஆனால் மேசைக்கு நடுவில் ஒரு முழுக்கோழி ரோஸ்ட் வைப்பது மாமனார் காலத்திலிருந்து வரும் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்தார். "அவன் போயிட்டானா? போவட்டும். அவன் வர்றதுக்கு முன்னாடி நாம பண்டிகை கொண்டாடலையா?"

அந்த ஓடிஜி அதற்கப்புறம் ஒழுங்காகவே இல்லை. இரண்டு கிறிஸ்துமஸும் ஒரு ஈஸ்டரும் வேறு வழிகளில்தான் ஓடின. அதில் தேறியது எது, தேறாதது எது என்பதுதான் இங்கே.

முதலில் ஒரு தெளிவு. வேலூர் ஓட்டலில் உட்கார்ந்து ‘ரோஸ்ட்’ என்றால் முறுகலான தோசை வரும். ‘சிக்கன் ரோஸ்ட்’ என்றால் துண்டு போட்டு மசாலாவில் சுருள வதக்கியது வரும். நான் சொல்வது இரண்டும் இல்லை. தோல் உரிக்காத முழுக்கோழி. வெளியே செம்பழுப்பாக முறுகியிருக்க வேண்டும், வெட்டினால் உள்ளே சாறு நிற்க வேண்டும்.

இதற்கு இரண்டு வேலை நடக்க வேண்டும். தொடையின் தடித்த இடம் வரைக்கும் வெந்து 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். தோலின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அப்போதுதான் பழுப்பு ஏறும், அந்த வாசனை வரும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், தோலில் ஈரம் இருக்கும்வரை அது நூறைத் தாண்டாது. ஓவன் சுற்றிலும் காய்ந்த சூடு கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடுகிறது. நம் வீட்டு அடுப்பில் கீழிருந்து மட்டும்தான் சூடு. ஓவன் இல்லாத எந்த வழியை எடுத்தாலும் அந்த மேல்சூட்டுக்கு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் முதலில் சொல்வது குக்கர். ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு விரல் கனத்துக்கு உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மேலே தட்டில் கோழி. கேக்குக்கு இது சரியாக வரும், நானே செய்திருக்கிறேன். கேக் மாவு சொட்டாது. கோழி சொட்டும். தட்டு நிறைந்து கொழுப்பு வழிந்து சுட்ட உப்பில் விழுந்ததும் புகை கிளம்பி, ஹாலில் இருந்த நட்சத்திரம் வரைக்கும் கருகல் வாசம். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அடிப்பக்கம் வெந்திருக்கிறது, மேல்தோல் காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம்: தண்ணீரில்லாமல் வெகுநேரம் காய்ந்ததில் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகிப் போயிருந்தது. சூடு மிஞ்சினால் உருக வேண்டும் என்றே வைத்திருப்பதுதான் அது. தன் வேலையைச் செய்திருக்கிறது. முழுக்கோழிக்குக் குக்கர் ஓவன் வேண்டாம். அதே குக்கருக்கு வெயிட் போட்டு ஒரு நல்ல வேலை கொடுக்கலாம், பின்னால் வருகிறேன்.

பக்கத்து வீட்டில் கன்வெக்‌ஷன் உள்ள மைக்ரோவேவ் இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள், அது ஓவனேதான். சாதா மைக்ரோவேவ் கோழியை வேகவைக்கும், பழுப்பாக்காது. சின்ன ஏர் ஃபிரையரில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கோழி உட்காராது. காலை ஒடித்துத் திணித்தால் மேல்பக்கம் கம்பியில் இடித்துக் கருகும். கடையில் கம்பியில் சுழலும் கிரில் சிக்கன் வாங்கி வரலாம்தான். ருசியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது அவர்கள் மசாலா, அவர்கள் கோழி. பண்டிகையன்று கூபூஸும் மயோனைஸும் பாலித்தீன் பையில் தொங்க வந்து நிற்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பேக்கரி விஷயம் கொஞ்சம் நீளம். செங்கல் கட்டிய விறகு அடுப்பு இன்னும் வைத்திருக்கும் பேக்கரி கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. காலை ரொட்டி எடுத்த பிறகு நெருப்பைத் தள்ளிவிடுவார்கள். செங்கல் மட்டும் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். முதலில் சூடு அதிகம், தோல் இறுகும். பிறகு சூடு தணியத் தணிய உள்ளே நிதானமாக வேகும். கோழிக்கு இதைவிட என்ன வேண்டும்? சிக்கல் வேறு இடத்தில். கிறிஸ்துமஸ் வாரம்தான் அவர்களுக்கு கேக் சீசன். 24-ஆம் தேதி ட்ரேயோடு போய் நின்றால் மாஸ்டர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். முட்டைகூடச் சேர்க்காத பேக்கரியில் கோழியை எடுத்துக்கொண்டு போவதே தப்பு. பல இடங்களில் இப்போது சுழலும் இயந்திர ஓவன் வந்துவிட்டது, அதில் பிஸ்கட்டோடு கோழியைச் சேர்த்து விட மாட்டார்கள். எனக்கு இது ஈஸ்டருக்குத்தான் வாய்த்தது. பழக்கமான மாஸ்டர், கூட்டமில்லாத காலை. இரண்டே நிபந்தனை போட்டார்: ஆழமான ட்ரே, பாதி நேரம் வரை ஃபாயில் மூடி. கோழி அருமையாக வந்தது. ஆனால் ட்ரேயின் அடியில் ஊறியிருந்த சாறில் பாதி, ஸ்கூட்டரில் காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்கியதில் என் புடவைக்குப் போனது. ஆட்டோ பிடியுங்கள்.

இனி வீட்டில் உள்ளது. இரும்புச் சட்டி.

கோழி வாங்குவதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பாதி ரோஸ்ட் அங்கேயே கெட்டுப்போகிறது. நம் ஊர்க் கறிக்கடையில் கோழி என்றால் தோலை உரித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். கை அந்தப் பழக்கத்தில் ஓடும். நாம் வாயைத் திறப்பதற்குள் தோல் கூடைக்குள் இருக்கும்.

"பாய், தோல் உரிக்காதீங்க. முழுசா வேணும்."

"இன்னாம்மா, தோலோடயா? அது கொழுப்பும்மா."

"ரோஸ்ட்டுக்கு பாய்."

"அப்ப சுடுதண்ணியில முக்கி ரெக்கை புடுங்கணும். நேரம் ஆவும். உக்காரும்மா."

உட்கார்ந்தேன். 1.3 கிலோ அளவில் பிராய்லர், இரண்டு. அதற்கு மேல் பெரியது வாங்கினால் சட்டியில் மூடி மூடாது. நடுமுதுகு எலும்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டு மார்பின் மேல் உள்ளங்கையால் ஓர் அழுத்து. ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், கோழி புத்தகம் விரித்த மாதிரி தட்டையாகிவிடும். சுற்றிலும் சூடு இல்லாத நமக்கு இந்த ஒரு வெட்டு பாதி ஓவன் மாதிரி. கனம் ஒரே சீராக இருப்பதால் தொடை வேகும்வரை மார்பு காய்ந்து போவதில்லை. ஒரு கோழிக்கு இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருக்கும். பிறகு மிளகு, பூண்டு, எலுமிச்சை, வெண்ணெய். மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டால் பழுப்பாவதற்கு முன்பே கருகிவிடும். ஆசையாக இருந்தால் தோலுக்கு அடியில் தடவுங்கள்.

காஸ் அடுப்பில் சட்டி வைக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு சண்டை உண்டு. முதலில் பொன்னிறமாக வறுத்துவிட்டு மூடி வேகவைப்பதா, வேகவைத்துவிட்டுக் கடைசியில் வறுப்பதா? முதல் வகைதான் பெரும்பாலும் சொல்லப்படுவது. செய்து பார்த்தால், கஷ்டப்பட்டு முறுக்கிய தோலை அடுத்த முக்கால் மணி நேரத்து ஆவி ஊறவைத்து ரப்பராக்கிவிடுகிறது. சுக்கா வறுவலில் நம் பாட்டிகள் எதைக் கடைசியில் செய்தார்கள்? வேகவைத்த பிறகுதானே சுருள வறுத்தார்கள். அதே வரிசை இங்கேயும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடியில் பரப்பி, மேலே கோழி, அரை டம்ளர் தண்ணீர், மூடி, சிறுதீயில் 45 நிமிடம். தொடையும் உடம்பும் சேருகிற இடத்தில் கத்தியால் குத்தினால் சிவப்பில்லாத தெளிந்த சாறு வர வேண்டும். பிறகு கோழியைத் தனியே எடுத்து, துணியால் ஒற்றி, காய்ந்த சட்டியில் நெய் விட்டுத் தோல்பக்கம் கீழே இருக்கக் கவிழ்த்துப் போட்டு ஏழெட்டு நிமிடம், அசைக்காமல். முறுகும். ஆனால் சட்டியைத் தொட்ட இடம் மட்டும்தான் முறுகும். இறக்கை மடிப்பிலும் தொடைக்கு நடுவிலும் வெளுப்பு நிற்கும். அதற்கு ஈடாக அடியில் பிடித்த வண்டல் கிடைக்கிறது. ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினால் வருகிற குழம்புக்கு ஓவன் ட்ரே போட்டி போட முடியாது.

முதல் வருஷம் கிறிஸ்துமஸ் மேசைக்கு வந்தது இதுதான். யாரும் குறை சொல்லவில்லை. அத்தை மட்டும், "நல்லாத்தான் கீது. ஆனா மேல நெருப்பு இல்லையே" என்றார்.

மேல் நெருப்பு என்றால் தம். ஆம்பூர் 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. தம் விஷயத்தில் வேலூர், ஆற்காடு, ஆம்பூர் எல்லாம் இன்னும் ஒரே வட ஆற்காடுதான். பிரியாணி தேக்சாவில் அரிசி தண்ணீரை இழுத்ததும் கீழ் நெருப்பைக் குறைத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போடுகிறார்களே, அதுவே ஓவனின் மேல்கம்பி. என் ஓடிஜியில் போனதும் அதே மேல்கம்பிதான் என்பது எனக்கு அடுத்த வருஷம்தான் உறைத்தது.

மொட்டை மாடியில் மூன்று செங்கல். இரும்புச் சட்டி. நம் வீட்டு மூடிகள் குவிந்திருப்பதால் தணல் உருண்டு விழும். அதனால் மூடிக்குப் பதில் இரும்புத் தோசைக்கல். கனம் இருப்பதால் ஆவியும் அதிகம் தப்பாது. கரி, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கியது. கொட்டாங்குச்சிக் கரி கிடைத்தால் இன்னும் நல்லது, நின்று எரியும். கீழே ஒரு பங்கு தணல், கல்லின்மேல் இரண்டு பங்கு. இந்தக் கணக்கு மாறினால் அடி தீய்ந்துவிடும். கோழிக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இந்த முறை சட்டியில் தண்ணீர் விடவே கூடாது. கீழே பரப்பிய வெங்காயம் விடுகிற ஈரம் போதும். 25 நிமிடத்தில் மேல்தணலை மாற்றினேன். ஒரு மணி நேரம் ஆனதும் இடுக்கியால் கல்லைத் தூக்கினால், இறக்கை மடிப்பு உட்பட எல்லா இடமும் ஒரே நிறம், தோலுக்கடியில் வெண்ணெய் கொதிக்கிற சத்தம். லேசாகப் புகை வாசம். ஓடிஜியில் எனக்கு இது ஒருநாளும் வந்ததில்லை.

கரியை வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். டிசம்பர் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையலறையில் தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தலை சுற்றும்போது காலம் கடந்திருக்கலாம். மாடியோ கொல்லையோ இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் காஸ் அடுப்புச் சட்டியோடு நின்றுகொள்வதே சரி.

நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு: அதை நேரே தணலில் வைத்தால் பல்லுக்கு வேலை. இங்கேதான் குக்கர். ரப்பரும் வெயிட்டும் போட்டு, உப்பும் இஞ்சியும் சேர்த்த தண்ணீரில் நான்கைந்து விசில். ஆறவைத்துத் துடைத்து, வெண்ணெய் தடவி, தணலுக்கு அடியில் 20 நிமிடம். தண்ணீரை சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோல் பிராய்லர் அளவுக்கு முறுகாது, ருசி அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கோழியை இறக்கிக் கால் மணி நேரம் வெட்டாமல் விடும்போது மிச்சத் தணலில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைப் போட்டேன். அணைக்கட்டுப் பக்கத்துக் காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் கருகி உள்ளே வெண்ணெயாகக் குழையும். உப்பு, பூண்டு, கோழிச் சாறு ஒரு கரண்டி. பிள்ளைகள் கோழியை விட்டுவிட்டு அதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

ஆக, கூட்டம் பெரிது, பழக்கமான பேக்கரி உண்டு என்றால் பேக்கரி. மாடி உண்டு, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஆள் உண்டு என்றால் தணல். எதுவும் இல்லையென்றால் சட்டி. நான் தணல் கட்சி. ஒரே ஒரு குறை அதில் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே தோசைக்கல் என்றால் அதை எடுக்காதீர்கள். 26-ஆம் தேதி காலை முதல் தோசை கல்லை விட்டு எழவில்லை, இரண்டாவதும் எழவில்லை. அத்தை ஒன்றும் பேசவில்லை. பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார்.