அம்மாவின் காபி பில்டர்

1992-ல் அம்மா கும்பகோணத்தில் வாங்கிய எவர்சில்வர் பில்டர். இன்றைக்கும் தினம் இரண்டு வேளை இதில்தான் காபி. மேலே துளையிட்ட பாத்திரம், பொடியை அமுக்க ஒரு குடை, கீழே டிகாக்‌ஷன் இறங்கும் பாத்திரம், மூடி. அவ்வளவுதான். கரண்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். 3 கரண்டி பொடி போட்டு, குடையால் லேசாக அமுக்கி, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றினால் 20 நிமிடத்தில் கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கும். ஓங்கி அமுக்கினால் இறங்காது, அது பில்டரின் குற்றமில்லை.

சில நாள் இரண்டு பாத்திரமும் இறுகிக்கொள்ளும். கீழ்ப்பாத்திரத்தை வெந்நீரில் வையுங்கள், கழன்றுவிடும். துளை அடைத்தால் அடுப்புத் தீயில் காட்டித் தட்டுவேன், கசடு உதிர்ந்துவிடும். போன வருடம் வாங்கிய காபி மெஷின் எட்டே மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது.

புதிதாக வாங்குகிறவர்கள் மேல்பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகள் ஊசிமுனை அளவுக்குச் சின்னதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.