பிரேக் மாற்றிய பிறகு பெடல் அமுங்குகிறதா? ஏர் எடுக்கும் வழிகளில் எது தேறும்

வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கியில் ஏற்றி, பேட் மாற்றி, ஷூ மாற்றி, அல்லது பேட்டை அழுத்தும் காலிப்பரையே புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து மிதித்தால் பெடல் பொதபொதவென்று கீழே போகிறது. யாரைக் கேட்டாலும் "ஏர் இருக்கு, பிளீட் பண்ணு" என்பார்கள், அதாவது பிரேக் ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி. ஒருவர் மிதிக்க இன்னொருவர் சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறப்பது, நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயிலைத் தானாகச் சொட்ட விடுவது, வாக்குவம் பம்ப்பால் கீழிருந்து இழுப்பது, மேலே ஆயில் டப்பாவில் காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளுவது, சிரிஞ்சால் நிப்பிள் வழியாக மேல்நோக்கி ஏற்றுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணைக்கு ஆள் இருந்தால் மிதித்து எடுக்கும் பழைய முறைதான் நல்லது. தனியாகச் செய்பவர், அதுவும் காரை வருஷக்கணக்காகத் தானே பார்த்துக்கொள்பவர் என்றால் டப்பாவில் காற்றழுத்தம் கொடுக்கும் கருவியான பிரஷர் பிளீடர் வாங்குவது நியாயம். மற்றவற்றுக்கு இடம் உண்டு, ஆனால் அவற்றை மட்டும் நம்பி வண்டியை ரோட்டில் இறக்க மாட்டேன்.

ஆனால் எந்த முறையைத் தொடுவதற்கு முன்பும், உள்ளே இருப்பது காற்றுதானா என்று பாருங்கள். நீங்கள் பேட் மட்டும்தான் மாற்றினீர்கள், ஹோஸைக் கழற்றவில்லை, நிப்பிளைத் திறக்கவில்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை என்றால் காற்று எந்த வழியாக உள்ளே போயிருக்கும்? காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளித்தான் புது பேட் போட்டிருப்பீர்கள், அந்த பிஸ்டன் வெளியே வந்து பேட்டைத் தொடும் வரை பெடல் காலியாகத்தான் போகும், நாலைந்து தடவை மிதித்தால் ஏறிவிடும். அப்படியும் ஏறவில்லையென்றால் பேட் பிராக்கெட்டில் சரியாக உட்காராமல் சாய்ந்து நிற்கிறதா, டிஸ்க்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துரு மேல் உட்கார்ந்த டிஸ்க் சுற்றும்போது லேசாக ஆடும், ஆடும்போது பேட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், அடுத்த மிதிக்குப் பெடல் மறுபடி கீழே போகும். இதற்கு எத்தனை பாட்டில் ஆயில் ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

நம் ஊரில் இதைவிட அடிக்கடி நடப்பது பின் டிரம் விவகாரம். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் என்று தெருவில் நிற்கும் பாதி வண்டிகளுக்குப் பின்னால் டிரம்தான். ஷூ மாற்றிய பிறகு, ஷூவை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைச் சரியாக வைக்காவிட்டால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிடும், முதல் மிதி முழுக்க அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகும். இதைக் காற்றிலிருந்து பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று 'கிளிக்' தூக்கிவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று மேலே நின்றால் கோளாறு பின் ஷூவில். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை நீட்டி, திரும்பப் போட்டுக் கையால் சுற்றும்போது ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்து இறுக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு, அது தப்பு. கேபிள் இறுகி நின்றால் தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு வேலை செய்யாது.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் தீர்ந்துவிடும். இப்போது அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். பொதபொதவென்று இருந்தாலும் ஓரிடத்தில் நிற்கிறது, அடித்து அடித்து மிதித்தால் மேலே வருகிறது என்றால் காற்று. நிற்காமல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு, அல்லது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. கசிவைப் பிளீட் செய்து சரிசெய்ய முடியாது. (என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மிதித்த பெடல் கொஞ்சம் கீழே போவது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

காலிப்பர் மாற்றியவர்கள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், பிளீடர் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா? இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுவிட்டால் சில வண்டிகளில் அது அப்படியே உட்கார்ந்துவிடும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலேதான் நிற்கும், கீழே இருக்கும் ஓட்டை வழியாக அது வராது. எந்த முறையாலும் வராது.

சரி, காற்றுதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது முறைகள்.

இரண்டு பேர் முறைக்கு ஒரு ரிங் ஸ்பேனர், மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான டியூப் ஒரு முழம், ஒரு கண்ணாடி பாட்டில், இவ்வளவு போதும். டியூபின் ஒரு முனை நிப்பிளில், இன்னொரு முனை பாட்டிலில் ஊற்றிய ஆயிலுக்குள் முங்கி இருக்க வேண்டும். கீழே இருப்பவர் "அழுத்து" என்கிறார், உள்ளே இருப்பவர் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன் மாமா" என்கிறார், அதற்குப் பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பாயும், பெடல் இறங்கும், நிப்பிளை மூடிய பிறகு "விடு". இந்த வரிசை மாறக் கூடாது. மூடுவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே வந்துவிடும். முதலில் வருவது டீ டிகாஷன் நிறத்தில் பழைய ஆயில், நடுநடுவே பெரிய குமிழ்கள். அப்புறம் ஆயில் வெளுத்துக்கொண்டே வரும், குமிழ் ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து டியூபின் மேல் சுவரில் ஒட்டிக்கொண்டு நகரும். அவையும் நின்ற பிறகு இன்னும் இரண்டு மூன்று மிதி எடுத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போகலாம். என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், காலாலும் உணரலாம், வேறு எந்த முறையும் இரண்டையும் சேர்த்துத் தராது.

இதன் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் அவசரப்பட்டுத் தடதடவென்று மிதித்தால் பெரிய குமிழ் உடைந்து நுரையாகிவிடும், நுரையை வெளியேற்றுவது ரொம்பச் சிரமம். இரண்டாவது, வயதான வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர். தினசரி ஓட்டத்தில் அதன் பிஸ்டன் முன்பாதியில்தான் போய்வருகிறது. பின்பாதியில் வருஷக்கணக்காக அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பிளீட் செய்யும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் உரசிக் கிழியலாம். காற்று எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டிய நிலை பல பேருக்கு இப்படித்தான் வருகிறது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிடுங்கள், பெடல் பாதியைத் தாண்டாது.

பிரஷர் பிளீடர் இதற்கு நேர் எதிர். பெடலைத் தொடவே வேண்டாம். ஆயில் டப்பா மூடிக்குப் பதிலாக அடாப்டரைப் பொருத்தி, கை பம்ப்பால் 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாகப் போய் நிப்பிளைத் திறந்து மூடினால் போதும். ஓட்டம் சீராக இருக்கும், நுரை வராது, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆபத்தில்லை, பிளீடரிலேயே ஆயில் ஊற்றியிருந்தால் டப்பா நடுவில் காலியாகிவிடுமோ என்ற கவலையும் இல்லை. இவ்வளவு நன்மை இருந்தும் நான் இதை முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் அந்த மூடிதான். ஐரோப்பிய கார்கள் பலவற்றில் டப்பா வாய் ஒரே மாதிரி 45 மில்லிமீட்டர் மரை, அடாப்டர் சுலபமாகப் பொருந்தும். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாய், பொதுவான தட்டு அடாப்டரைச் சங்கிலியால் கட்டி இறுக்க வேண்டியிருக்கும். அது கசிந்தால் பிரேக் ஆயில் பானட் உள்பக்கமெல்லாம் தெறிக்கும், பெயின்டை அரித்துவிடும். அதனால் ஆயில் ஊற்றாமல் முதலில் வெறும் காற்றை ஏற்றி, மீட்டர் முள் சில நிமிஷம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் இதைச் சொந்தமாகச் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். செய்தால் பிரஷர் மீட்டர் கட்டாயம் வைக்க வேண்டும், 20 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது, பிளாஸ்டிக் டப்பா வெடிக்கலாம்.

வாக்குவம் பம்ப்பும் தனி ஆளுக்கானதுதான், விலையும் குறைவு, அதனால்தான் நிறைய பேர் இதை வாங்கிவிட்டுக் குழம்புகிறார்கள். நிப்பிளைத் திறந்ததும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே வரும், டியூபில் குமிழ் நிற்கவே நிற்காது. அது லைனிலிருந்து வருகிறதா மரையிலிருந்து வருகிறதா என்று உங்களால் சொல்ல முடியாது. மரையில் கிரீஸ் தடவினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இன்னொரு சிக்கல்: உள்ளே இருக்கும் ரப்பர் கப் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, எதிர்ப்பக்கம் இழுத்தால் அதன் ஓரமாகக் காற்று நுழையலாம். டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கவும், புது காலிப்பருக்குள் முதல் தடவை ஆயில் இறக்கவும் வாக்குவம் அருமையான கருவி. பெடல் கெட்டியாக வேண்டும் என்றால் அதற்குப் பிறகு யாராவது மிதித்தே ஆக வேண்டும்.

தானாகச் சொட்ட விடுவது பாதுகாப்பானது, செலவில்லாதது, மகா மந்தமானது. டப்பாவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைவில் மாட்டிய காற்று இதற்கு அசையாது.

சிரிஞ்ச் முறை டூ வீலர்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காற்று இயல்பாகவே மேலே போகும், அதற்கு உதவி செய்கிறோம் என்பதால் கொள்கை பழுதற்றது. பைக்கில் அருமையாக வேலை செய்கிறது. காரில் நான் தயங்குவது, காலிப்பர் அடியில் தங்கிய வண்டலும் அதனுடன் சேர்ந்து மேலே, ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வால்வுகளை நோக்கிப் போகும் என்பதால். புத்தம்புது காலிப்பர், சுத்தமான லைன் என்றால் செய்யலாம், டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெடலை ராத்திரி முழுக்கக் கட்டையால் முட்டுக்கொடுத்து வைத்தால் காலையில் கெட்டியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. பெடல் அழுந்தி இருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து டப்பாவுக்குப் போகும் துளை மூடியிருக்கும், அந்த வழியாகக் காற்று வெளியேற முடியாது. சுருங்கிக் கிடக்கும் காற்று பெடலைக் கெட்டியாகக் காட்டலாம், போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிரேக் லைட் விடிய விடிய எரிந்து பேட்டரியும் இறங்கிவிடும்.

எந்த முறையானாலும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது வழக்கம்: நம் வலதுகைப் பக்க ஸ்டியரிங் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில மாடல்களில் லைன் குறுக்காகப் போவதால் வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். ஹோஸ் போல்ட்டைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும் ரகத்து பிரேக் ஆயிலையே வாங்குங்கள். பெயரைப் பார்த்து மேம்பட்டது என்று நினைத்து டாட் 5 ஊற்றிவிடாதீர்கள், அது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது சிலிக்கான் அல்ல.

எல்லாம் செய்தும் அமுங்குகிறது என்றால் ஏபிஎஸ் பக்கம் யோசிக்க வேண்டும். இந்தியாவில் 2019 முதல் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம், அதனால் புது வண்டிக்காரர்கள் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. டப்பா ஒரு தடவைகூடக் காலியாகவில்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை. காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு அதன் பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கினால்தான் வெளியே வரும். மண் ரோட்டில் போய் சடன் பிரேக் அடித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்ய வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிரேக் சரியில்லாத வண்டியில் சடன் பிரேக் அடிக்கச் சொல்லும் யோசனை அது, தயவுசெய்து வேண்டாம். ஸ்கேனர் இருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை டோ செய்து அனுப்புங்கள்.

பெடல் கெட்டியானதும் நேராக ரோட்டுக்குப் போகாமல், என்ஜினை ஓட விட்டு முழு பலத்தோடு அரை நிமிஷம் மிதித்துப் பிடித்து, இறங்கி நாலு நிப்பிளிலும் ஹோஸ் முனைகளிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் காலியான இடத்தில் நடை வேகத்தில் சில தடவை பிடித்துப் பார்க்கலாம். பாட்டிலில் வடித்த ஆயில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திரும்ப ஊற்றக் கூடாது, திறந்த டின்னில் மிச்சமிருப்பதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காத டாட் 4 ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம்.