மூன்று ஆண்டுகள், இரண்டு இயந்திரங்கள், ஒரு கறுப்பு கார்

கறுப்பு கார் வாங்காதே என்று தடுத்தவர்கள் பலர். காரணம் சொன்னவர் ஒருவரும் இல்லை. காலை வெயில் சாய்வாக விழுந்த ஒரு நாள் பானெட்டைப் பார்த்தபோது எனக்கே புரிந்தது. சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வேறு யாரும் செய்த வேலை அல்ல. மணல் ஒட்டிய துணியால் வாரந்தோறும் நானே தேய்த்துச் சேர்த்த சொத்து.

அவற்றைப் போக்க முதலில் வாங்கியது இருப்பதிலேயே மலிவான பாலிஷ் இயந்திரம். அகலமான வட்டத் தட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே மாட்டிக்கொள்ளப் பருத்தி உறை. காம்பவுண்ட் எனும் தேய்ப்புப் பசையைத் தடவி ஒரு மணி நேரம் ஓட்டினேன். பானெட் கண்ணாடிபோல மின்னியது. நான் சாதித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு முறை கழுவியதும் கீறல்கள் அத்தனையும் பழைய இடத்திற்கே வந்து உட்கார்ந்துகொண்டன. காம்பவுண்டில் இருந்த எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருந்ததே தவிர, எதுவும் தேய்ந்திருக்கவில்லை. அந்த இயந்திரம் மெழுகு தடவுவதற்கானது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கீறல் நீக்க அதற்குத் திராணி கிடையாது. இன்று அது பரணில் இருக்கிறது.

அடுத்து வாங்கியது டூயல் ஆக்‌ஷன் வகை. 15 மில்லிமீட்டர் வீச்சு, அதாவது ஆடும் வட்டத்தின் விட்டம். தேய்க்கும் மெத்தையான பேடை ஒட்ட 5 அங்குல பேக்கிங் பிளேட். அந்த வகையில் தொடக்கநிலை மாடல்தான். மூன்று ஆண்டுகளாக என் காரும் அண்ணனின் காரும் அதன் கையில்தான் இருக்கின்றன. இதில் பேட் தன்னைத் தானே சுற்றுவதோடு மையம் விலகியும் ஆடும். அதனால் சூடு ஒரே இடத்தில் குவிவது குறைவு. அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். அனுபவசாலிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். தொடக்கக்காரனுக்கு இந்தக் குறைதான் காவல். ஒரே திசையில் சுழலும் ரோட்டரி வேகமாகத் தேய்க்கும். ஆனால் விளிம்பில் ஒரு கணம் கூடுதலாக நின்றால் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சைக் கடந்து நிறத்தையே எடுத்துவிடும். பெரும்பாலான கார்களில் அந்தப் பூச்சு சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழகும் கைக்கு அவ்வளவு பிழை தாங்காது.

வாங்கும்போது எல்லோரும் வாட் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது வேறு. பேக்கிங் பிளேட்டைக் கழற்றி வேறு மாட்ட முடியுமா? மோட்டாருக்கு மின்சாரம் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்றலாமா? மின்கம்பி எவ்வளவு நீளம்? என்னுடையது இரண்டு மீட்டர். எக்ஸ்டென்ஷன் இணையும் அந்தக் கனத்த முடிச்சு, கதவைத் தேய்க்கும் நேரம் பார்த்துத் தேய்த்து முடித்த ஃபெண்டரில் போய் இடித்தது. அன்றிலிருந்து கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

பழுது என்று சொன்னால் பெரியது ஒன்றுதான். ஒன்றரை ஆண்டு கழித்து, கதவின் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பேட் பிய்த்துக்கொண்டு பறந்தது. பிளேட்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வெல்க்ரோ கொக்கிகள் உருகி வழவழவென்று இருந்தன. குற்றம் இயந்திரத்தின் மீது இல்லை. ஒரே பேடை மாற்றாமல், உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தியவன் நான். புதிய பிளேட் மாட்டியதும், அதன் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. ஒரே இடத்தில் நடுங்கினால் கையைத் தளர்த்த வேண்டும். இந்த ஒற்றைக் கோடு கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்தக் காணொளியும் எனக்குக் கற்றுத்தரவில்லை. மூன்றாம் ஆண்டில் கார்பன் பிரஷ் மாற்றினேன். பத்து நிமிட வேலை.

கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் பேட்தான். நான் இரண்டே வாங்கினேன். ஒரு முழுக் காருக்கு ஐந்தாறாவது வேண்டும். தேய்ந்த பூச்சும் பாலிஷும் சேர்ந்து பேட் கனத்து ஈரமானதும் அது வெட்டுவதை நிறுத்திவிடும், சூடு மட்டும் ஏறும். நடுத்தர ஃபோம் பேடும் ஒரே கட்டத்தில் முடிக்கும் பாலிஷும் என் வேலையில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டன. இரண்டடிக்கு இரண்டடி இடம், நான்கு சிறு துளி பாலிஷ், விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானம். ஒவ்வோர் இடம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மைக்ரோஃபைபர் பேட் ஆசைப்பட்டு வாங்கினேன். இதுவரை இரண்டு முறைதான் எடுத்திருக்கிறேன்.

ஒரு நல்ல எல்இடி டார்ச்சும், நீர்த்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் கீறல் போனதா, ஒளிந்ததா என்பது தெரியும். முதல் இயந்திரத்திடம் நான் ஏமாந்தது இந்த ஐந்து நிமிடச் சோதனை தெரியாமல்தான். மாஸ்கிங் டேப்பும் அப்படியே. இந்த ஓர் இடத்திற்கு எதற்கு என்று விட்ட கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில் பாலிஷ் காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் பள்ளங்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அண்ணனின் காரை முடித்துக் கொடுத்தபோது, "எனக்கும் இதேபோல ஒன்று வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். "முதலில் நீங்கள் கார் துடைக்கும் அந்தப் பழைய துண்டைத் தூக்கி எறியுங்கள் அண்ணா" என்றேன். அவருக்குக் கோபம். சோப்புக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என இரண்டு வாளித் தண்ணீரில் கழுவப் பழகிய பிறகு என் காருக்கு முழு பாலிஷ் ஆண்டுக்கு ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை. அவர் கார் நான்கே மாதத்தில் திரும்பி வந்தது. பின் இருக்கையில் அதே துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.