டென்கராவா, ஆறு துண்டு ஃப்ளை ராடா? மலையேறுகிறவருக்கு ஏற்ற தூண்டில் எது?

ஃப்ளை ராட் என்பது பூச்சி போலக் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, லைனின் கனத்தால் வீசும் கோல். டென்கரா என்பது ரீல் இல்லாத ஜப்பானிய வகை. மலை நடைக்குத் தூண்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கோலின் எடையைத்தான் பார்க்கிறார்கள். ஃப்ளை ராடுகளுக்குள் அதில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. 9 அடி, 5 வெயிட் (இது கோலின் எடையல்ல, லைனுக்கான எண்) ஃப்ளை ராட் என்றால் எந்தக் கம்பெனியானாலும் ஏறக்குறைய 80 முதல் 110 கிராம். ரீல் 120, 150 கிராம். லைனையும் சேர்த்தால் 300 கிராம் பக்கம் வரும். கனத்தை ஏற்றிவிடுவது கூடவே வருகிற அலுமினியக் குழாய்தான். உள்ளே இருக்கும் சாமான் மொத்தத்தையும்விட அது கனமாக இருப்பது சகஜம்.

ஆகவே பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: மடித்தால் எவ்வளவு நீளம், நீங்கள் போகிற தண்ணீர் எப்படிப்பட்டது. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி. பொதுவாகப் பேசினால் எல்லாக் கோலும் நல்ல கோலாகவே தெரியும். எனவே ஓர் ஆற்றை வைத்துப் பேசுவோம்: இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன். குல்லு வட்டாரத்துக்கு டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வந்தது 1909-இல், ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால். இன்று தீர்த்தனில் பிரவுன் டிரவுட்டும் உண்டு, ரெயின்போவும் உண்டு. குஷைனியிலிருந்து ரோல்லா நோக்கிப் போகும் நடைபாதை ஆற்றை விட்டு அதிகம் விலகாது. முதுகில் பை, கையில் கோல் என்று போக அருமையான இடம்.

முதலில் நான்கு துண்டு ராடைப் பார்த்துவிடுவோம். வீசுவதற்கு இதுதான் சுகம், கடையில் தேர்வும் இதில்தான் அதிகம். ஆனால் 274 செ.மீ. கோலை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 70 செ.மீ. பக்கம் வரும். குழாயோடு சேர்த்தால் இன்னும் நீளம். ரக்சாக்கின் பக்கவாட்டில் கட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், குனிந்து போகிற இடத்திலெல்லாம் கிளையில் மாட்டும். விமான கேபின் பையின் நீளம் வழக்கமாக 55 செ.மீ. தான், அதற்குள்ளும் அடங்காது. காரில் போய் ஆற்றங்கரையில் இறங்குகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. நடக்கிறவருக்கு வேண்டாம்.

ஸ்பின்னிங்குக்கும் (கனமான செயற்கை இரையை வீசி ரீலால் இழுப்பது) ஃப்ளைக்கும் ஒரே கோல் என்று விற்கிறார்களே, கைப்பிடியைத் திருப்பிப் போட்டால் போதும் என்று? ஸ்பின்னிங்குக்கு விறைப்பாக இருக்கும், ஃப்ளைக்குச் சோர்வாக இருக்கும். விட்டுவிடலாம்.

மிச்சம் உண்மையான போட்டி ஆறு துண்டு ராடுக்கும் டென்கராவுக்கும் நடுவில்தான்.

ஆறு துண்டு ராட் மடித்தால் 48 செ.மீ. அளவில் வந்துவிடும். ஏழு துண்டென்றால் இன்னும் குட்டை. ஆர்விஸின் கிளியர்வாட்டர் வரிசையில்கூட 9 அடி, 5 வெயிட்டில் ஆறு துண்டு உண்டு, அதாவது இது பணக்காரர் சாமானாக இருந்த காலம் போய்விட்டது. மூட்டு அதிகமானால் கோலின் வளைவு கெடும் என்பது பழைய புகார். இன்றைய கார்பன் ஃபைபரில் அதைக் கையால் உணர்வது கஷ்டம். உண்மையான தொல்லை வேறு. மூன்று மூட்டுக்குப் பதில் ஐந்து மூட்டு இருப்பதால் வீச வீச ஏதாவது ஒன்று தளரும். கவனிக்காமல் விட்டால் நுனித் துண்டு லைனோடு சேர்ந்து ஆற்றுக்குள் பறக்கும், இல்லாவிட்டால் தளர்ந்த மூட்டிலேயே கோல் முறியும். மாட்டும்போது லைன் ஓடும் வளையங்களைக் கால் வட்டம் தள்ளி வைத்து, அழுத்திக்கொண்டே திருப்பி நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆண் மூட்டில் சாதாரண மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் பிடிப்பு நிற்கும். இடையிடையே ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் வேண்டும்.

அப்புறம் லைன் கோர்ப்பது. லீடர், அதாவது லைன் முனையில் கட்டும் மெல்லிய தங்கூசி, அதன் நுனியைப் பிடித்து வளையம் வளையமாக நுழைத்துக்கொண்டு வருவீர்கள். கடைசி இரண்டு வளையம் இருக்கும்போது விரல் நழுவினால் மொத்தமும் சரசரவென்று இறங்கி ரீலுக்கே வந்துவிடும். ஃப்ளை லைனையே இரண்டாக மடித்து, அந்த மடிப்பை நுழைத்துக்கொண்டு போனால் நழுவினாலும் பாதியில் சிக்கிக்கொள்ளும். இரண்டு பாறை தாண்டி மீன் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யப் பொறுமை தேவை.

டென்கராவில் இந்தப் பாடு எதுவும் இல்லை. பழைய ரேடியோவின் ஆன்டெனா போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கோல், ரீல் கிடையாது, வளையம் கிடையாது. நுனியில் ஒரு சின்ன நூல், அதில் லைன், லைனில் டிப்பெட் என்ற மெல்லிய கடைசித் தங்கூசி, டிப்பெட்டில் ஃப்ளை. ஜப்பானிய மலை ஓடைகளில் மீன்பிடித்துப் பிழைத்தவர்களின் முறை இது. டேனியல் கல்ஹார்டோ 2009-இல் டென்கரா யுஎஸ்ஏ என்ற கம்பெனியைத் தொடங்கிய பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே பரவலாகத் தெரியவந்தது. அவர்களுடைய ரோடோ என்ற கோல் மூன்று நீளங்களில் நிற்கும்: 270, 297, 320 செ.மீ. எடை சுமார் 60 கிராம், மடித்தால் 55 செ.மீ. அளவு. லைன் சுற்றிய சிறு வளையத்தையும் ஒரு டப்பா ஃப்ளையையும் சேர்த்தாலும் ஃப்ளை ராட் சாமானில் பாதி எடைகூட வராது. செலவிலும் ஆதாயம்தான். நல்ல ஃப்ளை லைன் ஒன்று வாங்கும் காசுக்குச் சுமாரான டென்கரா கோலே வாங்கிவிடலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தீர்த்தனின் மேல்பகுதியில் ஒரு பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது, பின்னால் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு அமைதியான தண்ணீர். டிரவுட் நிற்பது அங்கேதான். ஃப்ளை அங்கே நான்கைந்து விநாடி தன்போக்கில் மிதக்க வேண்டும். லைன் நடுவிலுள்ள வேகமான நீரைத் தொட்டால் போச்சு, ஃப்ளை இழுபடும், மீன் நம்பாது.  5 வெயிட் லைனின் முதல் 30 அடி மட்டும் 9 கிராம் இருக்கும். கோலை எவ்வளவு தூக்கிப் பிடித்தாலும் அந்தக் கனம் தொய்ந்து நம்மை நோக்கிச் சரியும், ஃப்ளையையும் கூட்டிக்கொண்டு வரும். டென்கராவில் கட்டுவது மெல்லிய ஃப்ளூரோகார்பன் தங்கூசி. நீளமான கோலும் கனமில்லாத லைனும் சேர்வதால் தண்ணீரைத் தொடுவது ஃப்ளை மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தில் ஆறு துண்டு ராட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் தோற்கும்.

ஆனால் எட்டும் தூரம் அவ்வளவுதான். 360 செ.மீ. கோல், அதே நீளத்துக்கு லைன், ஒரு மீட்டர் டிப்பெட்: சுமார் 8 மீட்டர். ஃப்ளை ராடில் 12, 15 மீட்டர் சாதாரணம். காஷ்மீரில் பஹல்காம் பக்கம் லித்தர் ஆறு அகலமாக ஓடும் இடங்களில் அந்தக் கூடுதல் தூரம் வேண்டும். ஏரியில், எதிர்காற்றில் டென்கராவின் மெல்லிய லைன் போகவே போகாது. பெரிய மீன் மாட்டினாலும் லைன் விட்டுக்கொடுக்க வழியில்லை, கோலைச் சாய்த்துக்கொண்டு நாம்தான் கரையோடு பின்னால் ஓட வேண்டும். அதனால்தான் 5எக்ஸ், அதாவது 0.15 மி.மீ. டிப்பெட்டைவிடத் தடித்ததைக் கட்டாதே என்பார்கள். இழுப்பு மிஞ்சினால் டிப்பெட் அறுபடட்டும், கோல் பிழைக்கட்டும்.

டென்கரா கோல் முறிவது பெரும்பாலும் மீனால் அல்ல, மடிக்கும்போது. விரிக்கையில் நுனியிலிருந்து ஒவ்வொரு துண்டாக இழுக்க வேண்டும், மடக்கையில் தடித்த துண்டிலிருந்து நேராக உள்ளே தள்ள வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மெல்லிய துண்டு படக்கென்று போய்விடும். நல்லவேளையாக, பல கம்பெனிகளில் துண்டுகள் தனித்தனியே கிடைக்கின்றன, நாமே மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளை ராடில் ஒரு துண்டு போனால் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கே எழுத வேண்டும், வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

தீர்த்தன் மாதிரி ஓடைகளுக்கு நான் டென்கராவைத்தான் சொல்வேன், யோசிக்காமல். கிளை தாழ்ந்த இடம் அதிகமென்றால் ரோடோ போல நீளம் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். டென்கரா வேண்டாமென்றால் 7½ அடி, 3 வெயிட், நான்கு துண்டு ராட் ஒன்று. மடித்தால் 60 செ.மீ. அளவு. யாரும் பெரிதாகப் பேசாத, ஆனால் நெருக்கமான ஓடைகளில் நன்றாக உழைக்கிற கோல் அது. ஒரே கோலை வைத்துக்கொண்டு ஆறு, ஏரி, காஷ்மீர் என்று எல்லா இடமும் போக வேண்டுமென்றால் ஆறு துண்டு.

நீலகிரியை மனதில் வைத்துக் கேட்பவர்களுக்கும் ஆறு துண்டுதான். அவலாஞ்சியில் 1907-இலேயே டிரவுட் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள், ஆனால் இன்று அங்கே விரிந்து கிடப்பது அணைத் தண்ணீர். காற்றும் தூரமும் சேர்ந்தால் டென்கராவுக்கு வேலையில்லை. போகுமுன் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இமாசலத்திலும் உரிமச்சீட்டு வேண்டும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. கோடையில் பனி உருகிக் கலங்கும், அடுத்து மழை. மார்ச், ஏப்ரல், பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். தடைக்காலத்தில் கோல் வாங்கினால் மொட்டைமாடியில் பழகலாம். முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி, பக்கெட்டைக் குறியாக வைத்து வீசுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம், கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். மலையில் இடி இடிக்கத் தொடங்கினாலும் கோலை மடக்கிக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும்.