புளி ரசத்துக்கு எந்தப் பாத்திரம்: ஈயச் சொம்பா, பித்தளையா, இண்டாலியமா, எவர்சில்வரா?

கொடைக்கானலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் தினமும் ரசம்தான். அதுவும் அம்மாவின் ஈயச் சொம்பில். தங்கச்சி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அந்தச் சொம்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன். பாதரச நஞ்சை எதிர்த்து இந்த ஊர் எத்தனை வருடம் போராடியது! 2001-ல் மூடிய இங்குள்ள வெப்பமானி ஆலையிலிருந்து 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்போதும் வீட்டு அடுப்பை நான் சந்தேகித்ததில்லை.

சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம், அதனால் பயமில்லை. காரீயமோ நஞ்சு. இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்கிறோம். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதால் கலப்படத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உடலுக்குள் போன காரீயம் எலும்பில் தங்கிப் பல வருடம் கிடக்கும்; கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் ரத்தத்தில் இறங்கி, வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடும். வாய்வழி போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தைகளின் உடல் இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டிலேயே சோதிக்க முடியாதா? எடையைப் போட்டு, தண்ணீரில் முக்கிக் கன அளவு பார்க்கலாம். கன சென்டிமீட்டருக்கு வெள்ளீயம் 7.3 கிராம், காரீயம் 11.3. முழுக் காரீயம் இதில் மாட்டிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தால் 7.6 அளவில்தான் நிற்கும். சமையலறைத் தராசுக்கு அது பிடிபடாது. எக்ஸ்-கதிர் கருவி உள்ள ஆய்வகத்தில் காட்டுவதுதான் வழி.

பித்தளையிலும் கேள்வி இதேதான். ஈயம் பூசாத பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும், குமட்டும். பூசினால், பூசியது எந்த ஈயம்? எதிரே உட்கார்ந்து பூசச் சொன்னாலும் கட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மலையில் நிறையப் பேர் புழங்குவது இண்டாலியம், அதாவது அலுமினியக் கலவை. இலேசு, மலிவு, சீக்கிரம் சூடேறும். ஆனால் பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மட்டமான பாத்திரங்களில் காரீயம் சேர்ந்துவிடுகிறது. இந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதாக 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நம் ஊர் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பும் காயும் வேக நேரமாகும். அத்தனை நேரமும் புளித்தண்ணீர் அந்த உலோகத்தோடுதான் கிடக்கிறது. நான்கில் என் முதல் பயம் இதுதான், சொம்புகூட அப்புறம்தான்.

எவர்சில்வரில் ஈயச் சொம்பு ரசத்தின் மணம் வராது, அடியும் பிடிக்கும். தரமானதில் காரீயக் கவலை இல்லை. அடி கனமாக வாங்கி, தீயைக் குறைத்து வைத்தால் போதும். பூச்சில்லாத மண்சட்டியும் நல்லதுதான். பளபளவென்று மெருகேற்றியதைத் தவிர்க்கலாம்.

தங்கச்சி சமையல் இப்போது எவர்சில்வரில். ரத்தத்தில் காரீய அளவு பார்க்க டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அம்மாவின் சொம்பு ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பும்வரை பூஜை அலமாரியில் இருக்கும்.