பூட்டியின் பெயரைத் தந்த சீதன உறுதி

காணி உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின், இலக்கமும் ஆண்டும் இல்லாமல் எதையும் தேடித் தர இயலாது என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரச அலுவலகம் ஒன்றில் எனக்குச் சொல்லப்பட்டபோது, முற்பகல் முழுவதும் வாங்கில் காத்திருந்த களைப்போடு கோபமும் சேர்ந்துகொண்டது. என் பூட்டியின், அதாவது அம்மம்மாவின் தாயாருடைய, பெயரை அறிவதற்காகவே இம்முறை ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். எல்லோரும் அவரை ‘ஆச்சி’ என்றே அழைத்து வந்ததால், அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர் வீட்டில் எவரும் மிஞ்சவில்லை. என் கையில் இருந்தவை காணியின் பெயரும் குறிச்சியின் பெயரும் மட்டுமே. படிவத்தில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருப்பதைக் கண்ட அலுவலர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அதைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

கனடாவில் என் அயலில் வசிக்கும் ஐரிஷ் வம்சாவளிப் பெண்மணி, அயர்லாந்தின் 1901, 1911 குடிசன மதிப்பீட்டுத் தாள்களை வீட்டுக் கணினியில் இலவசமாகத் திறந்து, தன் பூட்டனாரின் தொழிலையும் அவ்வீட்டில் இருந்தோரின் வயதையும் எனக்குக் காட்டியிருக்கிறார். கனடாவின் 1931 குடிசன மதிப்பீடும் 92 ஆண்டுகள் கழிந்தபின் 2023 யூனில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் பெயரும் திகதியும் முன்னரே தெரிந்தவருக்குத்தான் அந்த ஏடுகள் பயன்படுகின்றன. தெரியாததைத் தேடி வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதற்கு அந்த அலுவலகத்தில் ஓர் அறிவித்தல் பலகைகூட இல்லை. கடல் கடந்து வருபவர்களில் எத்தனை பேர் அந்தப் படியோடு திரும்பிப் போயிருப்பார்கள் என்பதை நினைக்க இப்போதும் மனம் ஆறவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். உறுதிகளை எழுதி நிறைவேற்றும் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர்.

“பிள்ளை, அந்தக் காணி இப்ப ஆற்றை பேரிலை கிடக்கு?”

“சின்னம்மாவின்ரை பேரிலை, ஐயா.”

“அப்ப அவவின்ரை உறுதியை எடுத்துக்கொண்டு வாங்கோ. அதுக்குள்ளையே முந்தின உறுதியின்ரை இலக்கம் இருக்கும்.”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. 1969இல் எழுதப்பட்ட சின்னம்மாவின் சீதன உறுதியில், அக்காணி கொடுப்பவருக்கு எவ்வாறு உரித்தானது என்பதைக் கூறும் பந்தியில், 1938ஆம் ஆண்டு உறுதியின் இலக்கமும் திகதியும் அதை நிறைவேற்றிய நொத்தாரிசின் பெயரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. மறுநாள் அதே கவுண்டரில் அதே படிவத்தை நீட்டினேன். ஒரு கேள்வியுமின்றி ஏற்றுக்கொண்டார்கள். அம்மம்மாவின் உறுதிப் பெட்டி 1995 இடப்பெயர்வில் தொலைந்துபோனது. ஆனால் ஒவ்வொரு நொத்தாரிசும் தாம் நிறைவேற்றும் உறுதிகளின் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தபடியால், வீட்டில் அழிந்தது அங்கே இருந்தது.

அந்தப் பிரதியைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. லாச்சம் வரகுக் கணக்கில் நிலத்தின் அளவு, நான்கு எல்லைகள், பனை, வடலி, பொதுக்கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள பங்கு என்று ஒவ்வொன்றாகப் போய், மகளுக்குச் சீதனம் கொடுக்கும் தாயாக என் பூட்டியின் பெயர், அவருடைய தகப்பன் பெயருடன் முழுமையாக வந்தது. பூட்டனார் கையொப்பம் இட்டிருக்க, பூட்டியின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி மட்டும் இருந்தது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று ஆதனங்களை வகுக்கிறது. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்கு என்று இறங்கி வந்ததால், வேறு இடங்களில் வம்சாவளிப் பட்டியலுக்குள்ளேயே வராத பெண்கள் எங்கள் உறுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெயரோடு நிற்கிறார்கள். பெண்வழி முன்னோரைத் தேடும் யாழ்ப்பாணத்தவருக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை என்பேன்.

1938 உறுதி 1912 உறுதியைக் காட்டியது. அதில் பூட்டியின் தாய் தகப்பன் பெயர்கள் கிடைத்தன. ஆனால் அதற்கு முந்தைய உறுதியின் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தாளின் ஓரம் உதிர்ந்துவிட்டது. நூறு ஆண்டுகள் கடந்த ஏடுகளைத் திறந்த அலுமாரியில், மின்விசிறிக் காற்றின் கீழ் வைத்திருப்பதைக் கண்ணால் கண்டேன். அவற்றை உடனடியாகப் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம்.

உதிர்ந்த வரிக்கும் அந்த முதியவர் ஒரு வழி சொன்னார். 1912 உறுதியில் வடக்கு எல்லைக்காரியாகக் குறிக்கப்பட்டவர் பூட்டியின் தமக்கை. ஒரே காணியைப் பிரித்துத்தான் இருவருக்கும் சீதனம் கொடுத்திருப்பார்கள் என்பதால், தமக்கையின் உறுதியிலும் அதே மூல இலக்கம் இருக்கும். அந்தத் தமக்கையின் சந்ததியார் கொக்குவிலில் இருப்பதாகக் கேள்வி, சின்னம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.